பழுப்பு யாருடையது?

"வாட்டர் ப்யூரிஃபையர் விற்க வந்தவர் எங்கள் குழாய்த் தண்ணீரில் கம்பியை விட்டு கரண்ட் கொடுத்தார். இரண்டே நிமிடத்தில் சாக்கடை மாதிரி ஆகிவிட்டது. அவர் கொண்டுவந்த தண்ணீர் மட்டும் அப்படியே இருந்தது. அன்றைக்கே ஆர்.ஓ. மெஷினுக்கு முன்பணம் கொடுத்துவிட்டோம். இத்தனை நாள் இதையா குடித்தோம்?" என்று தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

இல்லை அம்மா. அந்தப் பழுப்பு உங்கள் தண்ணீரில் இருந்ததல்ல, அவர் கம்பியிலிருந்து வந்தது.

அந்தக் கருவியில் ஒரு கம்பி இரும்பு, இன்னொன்று அலுமினியம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் வழியே மின்சாரம் பாயும்போது இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து துருவாகத் திரள்கிறது. பழைய கிணற்று வாளியின் அடியில் படியுமே, அதே சரக்கு. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு. மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பியும் கரையாது.

எங்கள் வீட்டிலும் இந்த வித்தை நடந்தது. தேற்றாங்கொட்டையை இழைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைத்தவர் என் அம்மா. கீரைக்காரியிடம் கால்மணி நேரம் பேரம் பேசுவார். அந்த டம்ளரைப் பார்த்த பிறகு விலையைக்கூடக் கேட்கவில்லை.

அடுத்து டிடிஎஸ் மீட்டரை நீட்டுவார்கள். அது கரைந்த உப்பைத்தான் காட்டும். கிருமி எத்தனை இருந்தாலும் எண் அசையாது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை உப்பு இருக்கலாம் என்கிறது இந்தியக் குடிநீர்த் தரம். வேறு வழியில்லாத ஊரில் 2000 வரை. 500-க்குள் இருந்து, கிருமிதான் பயம் என்றால் கொதிக்கவைத்துக் குடியுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஃபுளோரைடு தண்ணீர் வேறு கதை. கொதித்துச் சுண்டச் சுண்ட அதில் ஃபுளோரைடு ஏறத்தான் செய்யும். அங்கே ஆர்.ஓ. வாங்குபவரை நான் குறை சொல்லமாட்டேன்.

வீட்டு மெஷின் ஒரு லிட்டர் தர, ஏறத்தாழ மூன்று லிட்டரைக் கழித்துவிடும். 500-க்குக் குறைவான இடங்களில் அதைத் தடைசெய்யுங்கள் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் சொன்னது. சென்னை ஏரிகள் வறண்டு, லாரிக்காகக் குடத்தோடு நின்றோமே, அதே வருடம். நின்று பிடித்த தண்ணீரில் முக்கால் பங்கைச் சாக்கடைக்கு அனுப்பிய வீடுகள் எத்தனையோ!

மெஷின் வந்துவிட்டதென்றால் கழிவுக் குழாயை ஒரு வாளிக்குள் விடுங்கள். தரை துடைக்க ஆகும். இன்னும் வரவில்லையென்றால் அந்த விற்பனையாளரைத் திரும்பக் கூப்பிட்டு, அவருடைய தெளிந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, கம்பியை விடச் சொல்லுங்கள். அதுவும் பழுக்கும்.