பனிவேட்டைக்கு ஒரு சப்பாத்து

மட்டக்களப்பு வாவியோரத்துப் படுவான்கரையிலே பிறந்து, மாரிகாலத்துச் சேற்றிலும் வாவியின் முழங்கால் நீரிலும் வெறுங்காலோடு நின்று வீச்சுவலை எறிந்து பழகிய ஒருவனிடம், பாதத்தைப் பேணுவதற்கென்று ஒரு சாஸ்திரம் உண்டென்று சொன்னால் அவன் சிரிப்பான். சப்பாத்து என்பதும், காலுறைக்கு நாம் சொல்லும் மேசு என்பதும் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச்சென்ற சொற்கள். 1628-இல் மட்டக்களப்பிலே கோட்டை கட்டிய அவர்கள் பத்தே ஆண்டுகளில் அதை ஒல்லாந்தரிடம் இழந்தார்கள்; சொற்கள் மாத்திரம் தங்கிவிட்டன. அச்சொற்கள் குறிக்கும் பொருள்கள் நம்மவர் கால்களில் ஏறுவதற்கு வெகுகாலம் பிடித்தது. பிடித்ததில் வியப்பில்லை, மார்கழி விடியலில் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்வதற்கு மேல் இந்தப் பிரதேசத்துச் சீதோஷ்ணம் நம்மிடம் எதுவும் கேட்பதில்லை.

ஆயினும் இந்த வாவிக்கரைப் பிள்ளைகள் இன்று கனடாவின் பனிவெளிகளிலும் வாழ்கிறார்கள். வினிப்பெக் நகரிலே, சுழியத்துக்குக் கீழே 30 பாகைவரை குளிர் இறங்கும் நாட்டிலே, குடியிருக்கும் என் மருமகன் ஒருவன், நண்பர்களோடு மான் வேட்டைக்குப் புறப்பட்ட முதல் ஆண்டில், இறுக்கமாக இருந்தால் குளிர் நுழையாதென்று கருதி, அளவான சப்பாத்துக்குள் மூன்று மேசுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்துக்கொண்டு போனானாம். ஒரு மணி நேரத்துக்குள் விரல்கள் மரத்துப்போக, மானையும் மறந்து, நொண்டிக்கொண்டே வாகனத்துக்குத் திரும்பினான்.

அவன் செய்த பிழை பெரும்பாலோர் செய்கிற பிழைதான். சப்பாத்து உஷ்ணத்தை உண்டாக்குவதில்லை; உண்டாக்குவது தேகம், அதைக் கால்வரை கொண்டுவருவது இரத்தம், வெளியே ஓடவிடாமல் தடுப்பது கம்பளியின் இழைகளுக்கிடையே அசையாமல் அடைபட்டிருக்கும் காற்று. இறுக்கமான சப்பாத்து அந்தக் காற்றையும் பிதுக்கி வெளியேற்றி, இரத்த ஓட்டத்தையும் நெரித்துவிடுகிறது. ஆகவே விரல்களைத் தாராளமாக அசைக்க முடியாத சப்பாத்து, எத்தனை விலையுயர்ந்ததாயினும், பனிக்கு உதவாது.

இறுக்கத்துக்கு அடுத்த சத்துரு ஈரம். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உஷ்ணத்தைக் கடத்தும். நனைந்த சாரத்தோடு தோணியில் நின்று வாடைக்காற்றை வாங்கியவனுக்கு இதைக் கணக்குச் சொல்லி விளக்கத் தேவையில்லை. வேட்டைக்காரனுக்கோ ஈரம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. காட்டுக்குள் நடந்து போகும்போது கால் வியர்க்கிறது. பிறகு மணிக்கணக்காக அவன் அசையாமல் உட்கார்ந்திருக்க, அந்த வியர்வையே குளிர்ந்துவிடுகிறது. 1950-இல் கொரியப் போரிலே அமெரிக்கச் சிப்பாய்கள் பலருடைய பாதங்கள் உறைந்து சிதைந்ததற்கு, ரப்பர் அடிப்பாகங் கொண்ட சப்பாத்துக்குள் தேங்கிய வியர்வையும் ஒரு காரணம். அதற்குப் பின்னரே, கம்பளியை இரண்டு ரப்பர்ச் சுவர்களுக்கிடையே வைத்து மூடி, வெளி நீரும் உள் வியர்வையும் அதைத் தீண்டாதபடி ஒரு சப்பாத்தை இராணுவத்தார் சமைத்தார்கள்.

வேட்டைச் சப்பாத்தின் சரித்திரத்தில் இன்னொரு பெயரும் உண்டு. அமெரிக்காவின் மெயின் மாநிலத்து லியோன் லியோன்வூட் பீன் என்பவர், கால் நனையாமல் வேட்டையாட வேண்டுமென்று 1912-இல் ரப்பர் அடிப்பாகத்தோடு தோல் மேற்பாகத்தைத் தைத்து நூறு சோடி விற்றார். தையல் விட்டுப்போய் 90 சோடி திரும்பி வந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடன் வாங்கித் திருத்திச் செய்தார்.

துருவத்தை அடுத்த மக்களோ இவர்களுக்கெல்லாம் மூத்த குருமார். ஸ்கண்டிநேவியாவின் வடகோடியில் வாழும் சாமி மக்கள் கலைமான் தோற் சப்பாத்துக்குள் உலர்ந்த புல்லை அடைத்து அணிந்தார்கள்; இரவில் அதை எடுத்து உலர்த்தி, காலையில் மறுபடி அடைத்துக்கொண்டார்கள். நம் பெண்கள் பாய் இழைக்கும் பன்னும் எந்தக் கோரைக் குடும்பமோ, அந்தப் புல்லும் அதே குடும்பம்! இன்று கடையில் கிடைக்கும், கழற்றி உலர்த்தக்கூடிய கம்பளி உள்ளுறை, அந்தப் புல்லின் வாரிசென்றே சொல்லலாம்.

கடைச் சீட்டில் 400 கிராம், 800 கிராம், 1000 கிராம் என்று எழுதியிருப்பது சப்பாத்தின் நிறையல்ல. உள்ளே வைத்த பஞ்சின் ஒரு சதுர மீற்றருக்குரிய நிறை. நடந்துகொண்டே இருப்பவனுக்குக் குறைந்தது போதும். ஓரிடத்தில் காத்திருப்பவனுக்கு 1000 கிராமுக்கு மேல் வேண்டும். இத்தனை பாகைக் குளிரைத் தாங்குமென்று அச்சிட்டிருக்கும் எண்ணை நான் அதிகம் நம்பமாட்டேன். அசையாமல் உட்கார்ந்திருப்பவனை மனத்திற்கொண்டு அது எழுதப்படுவது அரிது.

பனிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: பருத்தி மேசுகளை வீட்டிலே விட்டுவிட்டு, தடித்த கம்பளி மேசு ஒன்றை அணிந்துகொண்டு, பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் கடைக்குப் போய் அளவு பாருங்கள், மாற்று மேசு ஒரு சோடியைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.