எல்லை கடந்த தொண்டு

லேக் கார்டன்ஸுக்கு வடக்கே, சிறிது தொலைவில் காளிகாட் உள்ளது. அங்குக் காளி கோயிலை அடுத்து ‘நிர்மல் ஹிருதய்’ என்னும் இல்லம் இருக்கிறது. ஆதரவின்றி இறக்கும் நிலையில் உள்ளோரைப் பேணுவதற்காக அன்னை தெரசா 1952ஆம் ஆண்டு இதனைத் தொடங்கினார். ஜப்பான், ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து வரும் தன்னார்வத் தொண்டர்கள் இங்குத் துணி துவைக்கின்றனர், பாத்திரம் கழுவுகின்றனர், நோயாளிகளுக்கு உணவு ஊட்டுகின்றனர். இதற்கு அவர்கள் ஊதியம் பெறுவதில்லை.

இத்தகைய தொண்டர்களுள் பலர் சில வாரங்களே தங்குவர்; வங்காள மொழியும் அறியார். அன்புடன் பணிவிடை செய்ய இது தடையன்று. ஆனால், நோயைக் குணப்படுத்தும் பணிக்கு அன்பு மட்டும் போதாது. சான்றாக, காசநோய்க்கு வழக்கமாக 6 மாதம் தொடர்ந்து மருந்து உண்ண வேண்டும். இடையில் நிறுத்தினால் நோய் மீண்டும் தாக்கக்கூடும்; மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளும் தோன்றக்கூடும். தொண்டர் ஊர் திரும்பிய பின்னர் அந்நோயாளியைக் கவனிப்பவர் யார்?

மருத்துவர் ஜாக் பிரெகரின் பணி இவ்வினாவிற்கு விடை தருகிறது. 1930இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், முதலில் உழவராக இருந்தார். பின்னரே மருத்துவம் பயின்றார். 1972இல் வங்காளதேசம் சென்று, போரால் துன்புற்ற மக்களுக்கு மருத்துவம் செய்தார். 1979இல் கொல்கத்தாவிற்கு வந்தார். மிடில்டன் ரோ தெருவின் நடைபாதையே அவருடைய மருத்துவமனை ஆயிற்று. வெளிநாட்டுத் தொண்டர்கள் பலர் அவருக்குத் துணை நின்றனர். அப்பணியே ‘கல்கத்தா ரெஸ்க்யூ’ என்னும் அமைப்பாக வளர்ந்தது. அங்கு நோயாளிகளின் மொழியறிந்த உள்ளூர்ப் பணியாளர்களே அன்றாடப் பணிகளை ஏற்று நடத்துகின்றனர். ஆதலால், தொண்டர்கள் வந்து சென்றாலும் மருத்துவம் தடைப்படுவதில்லை.

கொல்கத்தா மக்கள் பலர் மருத்துவத்திற்காக நாடிச் செல்லும் வேலூர் மருத்துவமனையின் வரலாறும் இதனையே காட்டுகிறது. அமெரிக்கரான ஐடா ஸ்கடர் 1900இல் ஒரே படுக்கையுடன் அதனைத் தொடங்கினார். தாம் ஒருவரே மருத்துவம் செய்தால் போதாது என்பதை உணர்ந்து, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை நிறுவினார். அவர் மறைந்த பின்னும் அப்பணி தொடர்கிறது.

பிற நாட்டிற்குச் சென்று தொண்டு செய்வோர் முதலில் அவ்வூர் மக்களின் மொழியையும் தேவையையும் அறிதல் வேண்டும். தாம் கற்ற திறனை அவர்களுக்கும் கற்பித்தல் வேண்டும். அதுவே நிலைத்த தொண்டாகும்.

வினாக்கள்
1. காசநோய்க்கான மருந்தை இடையில் நிறுத்தினால் நேரக்கூடிய தீங்குகள் யாவை?
2. தமிழும் வங்காளமும் அறிந்த மாணவர் ஒருவர், கொல்கத்தாவிற்குப் புதிதாக வந்த தமிழ் நோயாளிக்கு எவ்வாறு உதவலாம்? ஐந்து வரிகளில் எழுதுக.