இயற்கை உரம்தானே என்று அள்ளிப் போடலாமா?

வங்கியில் முப்பத்தைந்து வருடம் கணக்குப் பார்த்தவன் நான். ஓய்வு பெற்றுத் தோட்டத்துக்கு வந்ததும் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். அதனால் 20 சென்ட் தக்காளி போயிற்று.

‘இயற்கை உரம்தானே, எவ்வளவு போட்டால் என்ன’ என்று ஒரு டன் கோழி எரு, நூறு கிலோ கடலைப் புண்ணாக்கு, போதாததற்கு வாரம் தவறாமல் மீன் அமிலம். செடி இடுப்பு உயரத்துக்குக் கருகருவென்று நின்றது. ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஆனால் பூ உதிர்ந்தது. கொழுந்தில் அசுவினி அப்பியது. பிடித்த காய்களிலும் பாதி அடிப்பக்கம் கறுத்து அழுகியது. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வந்து பார்த்துவிட்டு, “என்ன சார், கீரை போட்டிருக்கீங்களா?” என்றார்.

அன்று ராத்திரிதான் நோட்டை எடுத்தேன். காய்ந்த கோழி எருவில் தழைச்சத்து சுமார் 3 சதவீதம். ஒரு டன்னில் 30 கிலோ. கடலைப் புண்ணாக்கில் சுமார் 7 சதவீதம். நூறு கிலோவில் 7 கிலோ. ஆக 37 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பதே 20 கிலோ சொச்சம்தான். யூரியாவைத் தொடமாட்டேன் என்றவன், கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மூட்டைக்குச் சமமானதை 20 சென்ட்டில் கொட்டியிருக்கிறேன்! ஏக்கருக்கு 185 கிலோ ஆகிறது. ரகத் தக்காளிக்கு வழக்கமான சிபாரிசு சுமார் 60 கிலோ. எருவில் உள்ளது முழுவதும் ஒரே போகத்தில் கிடைக்காது, உண்மைதான். ஆனால் கோழி எரு சாணி எரு மாதிரி நிதானமாகக் கொடுக்காது. பெரும்பகுதியைச் சீக்கிரமே விட்டுவிடும்.

தழைச்சத்து மிஞ்சினால் செடி இலையும் தண்டுமாகவே வளரும். பூவெடுப்பது தள்ளிப்போகும். இலை மென்மையாகிச் சாறு உறிஞ்சும் பூச்சிக்கு விருந்தாகும். காயின் அடி அழுகுவது, சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேராததால். மண்ணில் சுண்ணாம்பு இருந்தாலும் இது வரும். சுண்ணாம்பு தண்ணீரோடுதான் செடிக்குள் நகரும். இலைதான் அதிகத் தண்ணீரை ஆவியாக விடுகிறது. அதனால் சுண்ணாம்பும் அங்கேயே போகும். இலை பெருத்தால் காய்க்குப் பங்கு குறையும். மண் காய்வதும் நனைவதுமாக இருந்தால் இன்னும் மோசம்.

சத்து குறைந்தாலும் செடி சொல்லிவிடும். அடி இலை முழுக்க வெளுத்தால் தழைச்சத்து குறைவு. அடி இலையின் ஓரம் கருகினால் சாம்பல்சத்து. இவை இரண்டையும் செடி பழைய இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும். இரும்பை அப்படி எடுக்க முடியாது. அது குறைந்தால் கொழுந்து இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

மறு வருடம் மண் பரிசோதனை செய்தேன். அதே 20 சென்ட்டுக்கு மக்கிய சாணி எரு 2 டன், வேப்பம் புண்ணாக்கு 40 கிலோ. இரண்டிலும் சேர்த்துத் தழைச்சத்து 12 கிலோ. மீன் அமிலம் பூ வரும் முன் இரண்டே தடவை. மூடாக்கு போட்டுச் சீராகத் தண்ணீர் விட்டேன். செடி முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் வந்தது. ரோட்டில் யாரும் நின்று பார்க்கவில்லை. ஆனால் காய் பிடித்தது, நின்றது.

நண்பர்களே, எருவைப் போடும் முன் எடை போடுங்கள். எவ்வளவு போட்டோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த போகத்துக்கு அதுதான் வழிகாட்டி.