அந்த அடி யாருக்காக?



ஞாயிறு ஆராதனை முடிந்து, மும்பை மாட்டுங்காவிலோ பெங்களூரு அல்சூரிலோ ஓர் உணவகத்தின் வாசலில் குடும்பமாய்க் காத்து நின்றிருப்பீர்கள். இடம் கிடைக்க அரைமணி நேரம். கேட்டது வந்து சேர இன்னும் கால்மணி நேரம். அதற்குள் நான்கு வயது மகன் கரண்டியால் தட்டை அடிக்கிறான். மேசைக்கடியில் நுழைந்து மறுபுறம் ஓடுகிறான். அடுத்த மேசையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். வெட்கம் தாளாமல் கையை ஓங்கிவிடுகிறீர்கள்.

சற்றே சிந்தியுங்கள். அந்த அடி பிள்ளையைத் திருத்தவா, பார்த்த கண்களுக்குப் பதில் சொல்லவா?

பிள்ளையின் பக்கமும் நியாயம் உண்டு. காலைமுதல் சபையில் மணிக்கணக்காய் அமர்ந்திருந்தான். அவனுடைய பொறுமை அங்கேயே செலவாகிவிட்டது. இப்போது பசி. ஓரறை வீட்டில் தரையில் அமர்ந்து உண்டு பழகியவனுக்கு, நாற்காலியில் கால் தொங்கக் காத்திருப்பது எவரும் கற்றுத்தராத பாடம்.

ஆயினும், "குழந்தைதானே!" என்று விட்டுவிடலாகாது. கூச்சலைவிட ஓட்டமே ஆபத்தானது. கொதிக்கும் சாம்பார் வாளியுடன் பரிமாறுபவர் குறுகிய வழியில் விரைகிறார். இடுப்பளவே உயரமுள்ள பிள்ளை குறுக்கே வந்தால் அவர் கண்ணில் படுவதில்லை. குழந்தையின் தோல் மெல்லியது. சூடு விரைவில் ஆழமாய்ப் புண்ணாக்கும். சுட்டுவிட்டால் உடனே குழாய்நீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு, மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். பனிக்கட்டியும் பற்பசையும் கூடாது. பழியோ அந்தப் பரிமாறுபவர்மேல் விழும். அவரும் பெரும்பாலும் நம்மைப்போல் பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவரே.

ஆகவே, சில யோசனைகள்:

• வாசலில் காத்திருக்கும்போதே ஒரு வாழைப்பழமோ பிஸ்கட்டோ கொடுத்துப் பசியைத் தணியுங்கள்.

• பிள்ளையைச் சுவரோரம் அமர்த்தி, நீங்கள் வழியோரம் அமருங்கள். அவனுக்குரிய இட்லியை முதலில் வரவழையுங்கள்.

• கைப்பேசியைக் கொடுத்து வாயடைப்பதைவிட, அவனோடு பேசுங்கள். ஒரு தாளும் பென்சிலும் போதும்.

• "அந்த மாமா அடிப்பார்" என்று பரிமாறுபவரைப் பூச்சாண்டியாக்காதீர்கள். "நன்றி, அண்ணா" என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள்.

• அடங்காவிட்டால் ஒருவர் அவனை அமைதியாய் வெளியே அழைத்துச் செல்லுங்கள். அவன் கண்மட்டத்திற்குக் குனிந்து, தாழ்ந்த குரலில் ஒரே ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். அழுகை ஓய்ந்தபின் திரும்புங்கள்.

• அயலாருக்கு இடையூறு நேர்ந்திருந்தால், பிள்ளையின் காதுகேட்க நீங்களே மன்னிப்புக் கேளுங்கள். சிந்தியதை அவனோடு சேர்ந்து துடையுங்கள்.

வாரம் ஒருநாள் வீட்டிலேயே "ஓட்டல் விளையாட்டு" நடத்துங்கள். பிள்ளை பரிமாறட்டும், நீங்கள் காத்திருங்கள். சாம்பார்க் கிண்ணத்தைத் தளும்பாமல் ஏந்தி நடப்பது எவ்வளவு கடினமென்று தன் கையால் அறிந்த பிள்ளை, பிறர் ஏந்தி வரும்போது வழிவிடக் கற்றுக்கொள்வான். அடியால் அந்த நேரத்துச் சத்தம் அடங்கலாம். பிறரை மதிக்கும் பழக்கம் பயிற்சியால்தான் வரும்.