பார்வையாளர் இயற்றிய சட்டம்

பிறேசில் நாடகாசிரியர் ஒகஸ்டோ போல் 1993 முதல் 1996 வரை றியோ டி ஜெனீரோ மாநகர சபை உறுப்பினராயிருந்தார். நாடகக் குழுவையும் கூடவே கூட்டிப் போனதுதான் புதுமை. மக்களின் பிரச்சினையொன்றை அவர்கள் மத்தியிலேயே நடிப்பார்கள், தோல்வியில் முடியும். மறுபடி நடிக்கையில் பார்வையாளர் எவரும் 'நிப்பாட்டுங்க' என்று மேடையேறி, பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நின்று வேறு வழி தேடலாம். அப்படிக் கிடைத்த யோசனைகள் சட்ட வரைபுகளாகி, 13 சட்டங்கள் நிறைவேறின.

எண்ணிக்கை எனக்குப் பெரிதல்ல. 'இப்படிச் செய்திருக்கலாமே' என்று இருந்த இடத்திலிருந்து சொல்வது லேசு. எழும்பிப் போய் அதிகாரிக்கு முன்னால் நின்றால்தான் எங்கே ஏலாமற் போகிறதென்று விளங்கும். சட்டம் தேவைப்படுவது அங்கேதான்.

வகுப்பில் இதைச் செய்து பார்த்தேன். கடைசி வாங்கில் பேசாமலிருக்கும் பிள்ளைதான் முதலில் நிப்பாட்டியது. அதிபராக நடித்துக்கொண்டிருந்தது நான்.