கண்ணாடி அணிவோர் காதுக் கருவியை மறுப்பதேன்?

தெலுங்கானா மாநிலத்தில் 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் 'கண்டி வெலுகு' என்னும் கண் பரிசோதனைத் திட்டம் தொடங்கப்பெற்றது. 'கண்ணின் ஒளி' என்பது அதன் பொருள். முதற்கட்டத்தில் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி மக்கள் பரிசோதிக்கப்பட்டனர். தேவைப்பட்டோருக்கு மூக்குக் கண்ணாடி இலவசமாக அளிக்கப்பட்டது. 2023 ஜனவரியில் இரண்டாம் கட்டமும் தொடங்கியது. முகாமில் பெற்ற கண்ணாடியை அங்கேயே அணிந்துகொண்டு வீடு திரும்புவதற்கு முதியோர் எவரும் நாணுவதில்லை.

ஆனால் அத்தகைய முதியவர் ஒருவரிடம், "ஐயா, காதையும் ஒருமுறை காட்டிக்கொள்ளலாமே" என்று சொல்லிப் பாருங்கள். "எனக்கென்ன? நன்றாகத்தானே கேட்கிறது!" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். கண்ணுக்கு உதவி தேடி வருகிறவர் காதுக்கு உதவி தேடத் தயங்குவது ஏன்? வெளிக்கள ஊழியர்களும் ஆசிரியர்களும் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

இத்தயக்கம் நமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் சுமார் 150 கோடிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் கேள்விக் குறை உள்ளது. அவர்களுள் 43 கோடிப் பேருக்கு மறுவாழ்வுச் சிகிச்சை தேவைப்படுகிறது. காதுக் கருவியால் பயன் பெறக்கூடியவர்களுள் அதனை உண்மையில் பயன்படுத்துவோர் நூற்றுக்குப் பதினேழு பேரே என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு.

ஹைதராபாத்தில் வசதிகள் இல்லாமல் இல்லை. கோட்டி பகுதியில் காது, மூக்கு, தொண்டைக்கெனத் தனி அரசு மருத்துவமனை இருக்கிறது. செகந்திராபாத் மனோவிகாஸ் நகரில் அலி யாவர் ஜங் தேசிய நிலையத்தின் மண்டலக் கிளை இயங்குகிறது. 1983-இல் பம்பாயில் தோன்றிய அந்நிலையம், ஹைதராபாத்தில் பிறந்து, உஸ்மானியா பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராகவும் பின்னர் மகாராஷ்டிர ஆளுநராகவும் விளங்கிய பெரியாரின் பெயரைத் தாங்கியது. ஆகவே, சிகிச்சை நிலையம் இல்லாமையை மட்டும் காரணமாகக் கூறுவதற்கில்லை.

மெல்ல வரும் குறை

முதல் காரணம் இக்குறையின் தன்மையிலேயே உள்ளது. செவியின் உட்புறத்தில் நத்தை ஓட்டைப் போலச் சுருண்ட உறுப்பு ஒன்று உண்டு. அதிலுள்ள நுண்மயிர் அணுக்களே ஒலியின் அதிர்வை நரம்புக்கு உணர்த்துகின்றன. முதுமையாலும் நீண்ட காலப் பேரிரைச்சலாலும் இவ்வணுக்கள் அழிகின்றன. ஒருமுறை அழிந்தவை மீண்டும் வளர்வதில்லை. உயர்ந்த சுருதி ஒலிகளை உணரும் அணுக்கள் முதலில் கெடுகின்றன. தாழ்ந்த சுருதிக்கு உரியவை நெடுநாள் நிலைக்கின்றன.

பேச்சில் உயிரெழுத்துக்களின் ஒலி பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் அமைவது. வல்லின மெய்களைப் பிரித்துக் காட்டும் கூறுகள் உயர்ந்த சுருதியில் அமைபவை. ஆதலால் 'பட்டு', 'தட்டு', 'கட்டு' என்னும் மூன்று சொற்களும் இத்தகைய முதியவருக்கு ஏறத்தாழ ஒன்றுபோல ஒலிக்கும். குரல் கேட்கிறது, சொல் விளங்குவதில்லை. "காது கேட்கிறதா?" என்று வினவினால் அவர் "கேட்கிறது" என்று கூறுவது பொய்யன்று. "இக்காலத்துப் பிள்ளைகள் தெளிவாகப் பேசுவதில்லை" என்று அவர் குறைகூறுவதும் தமது அனுபவத்தைக் கொண்டே. உரக்கப் பேசினாலோ, "ஏன் கத்துகிறாய்?" என்று சினம் கொள்வார். உட்செவி கெட்டவர்களுக்கு மெல்லிய ஒலி கேளாமற்போவதும், பேரொலி தாங்க முடியாததாவதும் ஒருங்கே நிகழ்பவை.

ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாகக் குறைவதால், எந்த நாளில் இது தொடங்கிற்று என்று அவரால் சொல்ல இயலாது. வீட்டிலுள்ளோர் உணர்ந்த பிறகும் அவர் உணராதிருப்பது இதனாலேயே.

சொல்லில் உள்ள தடை

இரண்டாவது காரணம் நமது பேச்சு வழக்கில் உள்ளது. வயது நாற்பதைக் கடந்தவருக்கு அருகிலுள்ள எழுத்து மங்கினால் அதனை வெள்ளெழுத்து என்கிறோம். சாளேசரம் என்றும் சொல்கிறோம். அச்சொற்களில் இழிவு ஏதுமில்லை. அதே வயதில் செவிக்கு நேரும் மாற்றத்தைக் குறிக்க நம்மிடம் இத்தகைய மென்சொல் இல்லை. 'செவிடு' என்பது வசைச் சொல்லாகிவிட்டது. 'மந்தம்' என்பது காதுக்கும் புத்திக்கும் பொதுவான சொல். அறிவுரை ஏற்காதவனைச் 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று தமிழர் பழிப்பதைப் போலவே தெலுங்கரும் பழிக்கின்றனர். தமக்குக் கேள்விக் குறை உண்டென்று ஒப்புக்கொள்வது அறிவு குன்றியதாக ஒப்புக்கொள்வதற்குச் சமம் என்று ஒரு முதியவர் அஞ்சினால், அவ்வச்சத்தை அவருக்குக் கற்பித்தது நமது மொழியே.

ஹைதராபாத்தின் உருது வழக்கில் 'ஊஞ்சா சுன்னா' என்றொரு தொடர் உண்டு. 'உரக்கச் சொன்னால் கேட்பவர்' என்பது அதன் கருத்து. குறையைக் கூறினாலும் ஆளின் மதிப்பைக் குறைக்காத தொடர் அது. முதியோரிடம் பேசும் ஊழியர் எம்மொழியிலும் இத்தகைய மரியாதையான சொல்லைத் தேடிக்கொள்வது நலம்.

வருவோர் ஏன் வருகின்றனர்?

கேள்விக் குறையின் அளவை ஆடியோமீட்டர் என்னும் கருவி டெசிபெல் கணக்கில் காட்டுகிறது. குறை மிகுந்தவரே முதலில் சிகிச்சைக்கு வருவார் என்று எண்ணத் தோன்றும். ஆனால் ஒரே அளவு குறையுள்ள இருவரில் ஒருவர் வருகிறார், மற்றவர் வருவதில்லை. அக்குறையால் தமது வாழ்வில் எவ்வளவு இடையூறு என்று ஒருவர் தாமே உணர்கிறாரோ, அவ்வுணர்வே அவரைச் சிகிச்சைக்குத் தூண்டுவதில் முதன்மையானது என்பதை ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. இதனை அளந்தறிய அமெரிக்காவில் வென்ட்ரி, வைன்ஸ்டைன் என்னும் இருவர் 1982-இல் 25 கேள்விகள் கொண்ட வினாப் பட்டியல் ஒன்றை வகுத்தனர். கேள்விக் குறையால் மனத்துக்கும் பிறரோடு பழகுவதற்கும் நேரும் இடர்களை அப்பட்டியல் விசாரிக்கிறது.

வீட்டாரின் ஆதரவும், காதுக் கருவியால் நலம் பெற்ற ஒருவரை நேரில் காண்பதும், கருவி உதவும் என்னும் நம்பிக்கையும் பிற தூண்டுதல்கள். வீட்டாரின் கேலியோ எதிர்விளைவையே தரும்.

செலவும் சட்ட எல்லையும்

மன இயல்பை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. காதுக் கருவியின் விலை பல குடும்பங்களுக்கு எட்டாதது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரு செவிகளிலும் 60 முதல் 70 டெசிபெல் வரை இழப்பு உள்ளவரே 'கேள்வி குன்றியவர்' ஆவார். 70 டெசிபெல் இழப்பு உள்ளவர் காது கேளாதவர் ஆவார். முதுமையால் கேள்வி குன்றியோரில் மிகப் பலர் 60 டெசிபெல்லுக்குக் கீழேயே நிற்பதால், சான்றிதழை ஒட்டிய சலுகைகள் அவர்களை எட்டுவதில்லை. 2017 ஏப்ரல் முதல் நாள் நெல்லூரில் தொடங்கப்பெற்ற ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பக்கூடியது. அதன்கீழ் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள 60 வயது கடந்த முதியோர்க்குக் கைத்தடி, மூக்குக் கண்ணாடி, பல் செட்டு ஆகியவற்றுடன் காதுக் கருவியும் இலவசப் பொருள்களுள் அடங்கும். இதனை அறியாத முதியோர்க்கு எடுத்துரைப்பது ஊழியரின் கடமை.

தாமதத்தின் விளைவு

பேச்சு விளங்காதவர் முதலில் கூட்டங்களைத் தவிர்க்கிறார்; பிறகு திண்ணைப் பேச்சை; இறுதியில் வீட்டாருடன் உரையாடுவதையும் குறைத்துக்கொள்கிறார். மறதி நோய் பற்றி 2017, 2020, 2024 ஆகிய ஆண்டுகளில் லான்செட் குழு வெளியிட்ட அறிக்கைகள், மாற்றக்கூடிய காரணிகளுள் கேள்விக் குறையையும் சேர்த்துள்ளன. அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுள்ள 977 பேரிடம் நடத்தி 2023-இல் வெளியான சோதனையில், காதுக் கருவி அளித்ததால் எல்லோரிடமும் வேறுபாடு தோன்றவில்லை. ஆனால் அறிவுத்திறன் குன்றும் அபாயம் மிகுந்திருந்த பிரிவினரிடம் மூன்றாண்டுகளில் அக்குறைவின் வேகம் ஏறத்தாழப் பாதியாயிற்று.

செய்யத்தக்கவை

"காது கேட்கிறதா?" என்று வினவுவதை விடுத்து, "கல்யாண வீட்டில் நாலு பேர் சேர்ந்து பேசும்போது விளங்குகிறதா? டெலிபோனில் பேசுவது யார் என்று தெரிகிறதா?" என்று கேளுங்கள். இடரைச் சுட்டும் கேள்விக்கு உண்மையான விடை கிடைக்கும். முகத்துக்கு நேரே நின்று, கத்தாமல், நிதானமாகப் பேசுங்கள்.

எல்லாக் கேள்விக் குறையும் முதுமையால் வருவதன்று. குறும்பி அடைத்திருந்தால் மருத்துவர் அதை எளிதில் நீக்கிவிடுவார். சீழ் வடிந்தால் சிகிச்சை உண்டு. ஓரிரு நாட்களுக்குள் திடீரென ஒரு காது கேளாமற்போனால் அது அவசர நோய். அன்றே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். கடையில் நேரே கருவி வாங்குவதற்கு முன் மருத்துவரும் கேள்விப்புலன் நிபுணரும் பரிசோதிப்பது அவசியம்.

ஆசிரியர்களுக்கு இதில் இரு பங்கு உண்டு. பின் வரிசை மாணவரின் சொல் விளங்கவில்லையெனில், மாணவரைக் கடிந்துகொள்வதற்கு முன் தமது செவியைப் பரிசோதித்துக்கொள்ளலாம். வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடம் எவ்வாறு பேசுவது என்பதை மாணவர்க்குக் கற்பிக்கலாம்.

கருவி பெற்றுத் தந்ததோடு பணி முடிந்துவிடாது. கண்ணாடி அணிந்த கணமே எழுத்து தெளிகிறது. காதுக் கருவியோ முதல் நாளில் பாத்திர ஓசையையும் மின்விசிறியின் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கிக் காட்டும். மறந்துபோன ஒலிகளுக்கு மூளை பழகச் சில வாரங்கள் ஆகும். இதனை முன்கூட்டியே சொல்லாவிடில், கருவி பெட்டியில் உறங்கும். "அதனால் பயனில்லை" என்னும் செய்தி தெரு முழுவதும் பரவும். ஆகையால், கருவி பெற்றவரை இரண்டு வாரம் கழித்து ஒருமுறையும், மாதம் முடிந்தபின் மற்றொரு முறையும் சென்று காணுங்கள். மின்கலம் தீர்ந்ததா, செவியில் உறுத்துகிறதா, ஒலி மிகுதியா என்று விசாரித்து, வேண்டுமாயின் நிபுணரிடம் மீண்டும் அனுப்புங்கள். அவ்வாறு பழகித் தேறிய ஒரு முதியவர், அடுத்த வீட்டு முதியவரைத் தாமே அழைத்து வருவார்.