ஒருமுறை குத்தினால் குத்தியதுதான்

துணியில் தையல் கோணிப்போனால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். ஊசி போன இடத்தை நகத்தால் நீவிவிட்டால் இழைகள் நகர்ந்து ஓட்டை மூடிக்கொள்ளும். தோலில் அது நடக்காது. ஊசி இறங்கிய துளை, அந்தப் பொருள் இருக்கும்வரை இருக்கும். தோல் வேலையின் கருவிகளையும் எந்திரங்களையும் கைப்பழக்கங்களையும் இந்த ஒன்றை வைத்தே பெருமளவு புரிந்துகொண்டுவிடலாம். குத்துவதற்கு முன்பே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட வேண்டிய தொழில் இது.

முதலில் ஊசி. துணி ஊசியின் முனை உருண்டையாக இருக்கும். இழைகளை விலக்கிக்கொண்டு நடுவில் புகுந்து போகும். தோலில் விலகிக் கொடுக்க இழை கிடையாது. நார்கள் எல்லாத் திசையிலும் பின்னிக் கிடக்கின்றன. அதனால் தோல் ஊசியின் முனையில் கத்தி வைத்திருப்பார்கள். அது வெட்டிக்கொண்டுதான் இறங்கும். வெட்டு எந்தப் பக்கம் பார்த்து விழுகிறதோ, அதைப் பொறுத்துத் தையலின் தோற்றம் மாறும். தையல் கோட்டுக்குச் சாய்வாக வெட்டும் முனையைப் போட்டால், ஒவ்வொரு தையலும் லேசாகச் சாய்ந்து படுக்கும். நல்ல ஷூக்களின் மேல்பக்கத்தில் இதைப் பார்க்கலாம். கோட்டின் போக்கிலேயே வெட்டும் முனையில் தையல் நேராக விழும். ஆனால் அந்த முனையை வைத்துக்கொண்டு நெருக்கி நெருக்கித் தைத்தால், வெட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, அஞ்சல்தலை ஓரம்போலத் தோல் கிழிந்து வரும். நெருக்கமாகத் தைத்தால் உறுதி என்ற துணிக்கடைக் கணக்கு இங்கே செல்லாது. ஊசியின் பருமனிலும் கவனம் வேண்டும். உறையில் 90 என்று போட்டிருந்தால் தண்டின் பருமன் 0.9 மி.மீ.; 140 என்றால் 1.4 மி.மீ. நூல் சுலபமாகப் போகட்டும் என்று ஊசியைப் பெரிதாக்கினால் துளைக்குள் நூல் ஆடும், தண்ணீரும் இறங்கும்.

கையால் தைப்பதில் உச்சம் என்று தோல்காரர்கள் சொல்வது சேணத் தையலை. குதிரைச் சேணமும் கடிவாள வாரும் செய்தவர்களிடமிருந்து வந்தது. பாரிஸில் 1837-ல் குதிரைச் சாமான் பட்டறையாகத் தொடங்கிய எர்மேஸ் நிறுவனம், தன் கைப்பைகளில் இன்றும் இதைக் கையால்தான் போடுகிறது. நூல் ஒன்று, அதன் இரண்டு முனைகளிலும் முனைக்கொரு ஊசி. நூலுக்குத் தேன்மெழுகு தடவியிருக்கும். தைக்க வேண்டிய நீளத்தைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு நூல் எடுத்துக்கொள்வார்கள். பற்கள் கொண்ட உளியைத் தோல்மேல் வைத்து, சுத்தியால் தட்டி, 3 அல்லது 4 மி.மீ. இடைவெளியில் துளைக்கான தடங்களைப் பதித்துக்கொண்ட பிறகு, நீண்ட மரக் கிடுக்கி ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே நிறுத்தித் தோலை அதில் கவ்வவிடுவார்கள். இப்போது இரண்டு கையும் வேலைக்குக் கிடைத்துவிட்டது.

வலக்கையில் ஊசியும் குத்தூசியும் சேர்ந்தே இருக்கும். தையல் முடியும்வரை குத்தூசியைக் கீழே வைப்பதில்லை. அதன் முனை சாய்சதுர வடிவம். அதைத் திருப்பிப் பிடிக்காமல் ஒரே கோணத்தில் இறக்க வேண்டும். கோணம் மாறினால் முன்பக்கம் ஒழுங்காகத் தெரியும் வரிசை பின்பக்கம் அலைபாயும். துளை விழுந்ததும் ஒரு பக்கத்து ஊசி போகும். நூலைக் கொஞ்சம் இழுத்துவிட்டு, அதே துளையில் எதிர்ப்பக்கத்து ஊசி வரும். முதலில் போன நூலை அது குத்திவிடக் கூடாது. பிறகு இரண்டு முனையையும் ஒரே விசையில் இழுத்து இறுக்குவார்கள். எந்த ஊசி முதலில், நூல் மேலா கீழா என்ற வரிசை ஒரே ஒரு துளையில் பிசகினாலும் அந்த இடம் தனியாகத் தெரியும். இத்தனை பாடும் எதற்கு? சாதாரணத் தையல் எந்திரத்தில் மேல் நூல் ஒன்று, பாபின் நூல் ஒன்று. இரண்டும் தோலின் தடிமனுக்கு நடுவே ஒன்றையொன்று கோத்துக்கொள்கின்றன. மேல் நூல் தேய்ந்து அறுந்தால், அடி நூலுக்குப் பிடிமானம் போய் வரிசை கழன்றுகொண்டே வரும். சேணத் தையலில் ஒரு பக்கம் அறுந்தாலும், மறுபக்கம் ஓடும் நூல் எல்லாத் துளைகளையும் பிடித்து நிற்கும்.

இதைச் சொன்னதும் பலர் போகும் முடிவு ஒன்று உண்டு: கைத்தையல் கலை, எந்திரத் தையல் வெறும் உற்பத்தி. இதை நான் ஏற்கவில்லை. தோலை எந்திரத்தில் கொடுத்துப் பார்த்தவர்கள் யாரும் ஏற்க மாட்டார்கள்.

வீட்டுத் தையல் எந்திரத்தில் கீழே இருக்கும் பற்கள் துணியை இழுத்துத் தள்ளுகின்றன. மேலே கால் சும்மா அழுத்திக்கொண்டிருக்கிறது. தோலை வைத்தால் மேல் அடுக்கு அந்தக் காலில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், கீழ் அடுக்கு முன்னே போய்விடும். தையல் முடியும் இடத்தில் இரண்டு ஓரங்களும் பொருந்தா. கீழ்ப்பக்கம் பற்களின் தடம் வேறு. பை தைக்கும் பட்டறைகளில் உள்ள கனமான எந்திரங்களில், ஊசி தோலுக்குள் இறங்கியிருக்கும்போதே ஊசியும் காலும் பல்லும் சேர்ந்து நகரும். எத்தனை அடுக்கானாலும் ஒன்றாகவே போகும். ஷூவின் மேல்பகுதிக்கு அதுவும் போதாது, அது தட்டையான பொருள் அல்லவே. அதற்குத்தான் போஸ்ட் மெஷின். மேசைப் பலகைக்கு மேலே ஒரு தூண். தூணின் உச்சியில் பாபின். காலுக்குப் பதில் ஒரு சிறு சக்கரம். வளைந்த மேல்பகுதியைத் தூணைச் சுற்றித் திருப்பிக்கொண்டே தைக்கலாம்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்து ஷூ கம்பெனிகளில் இந்த மெஷின்களின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விரல் முனைப் பகுதிக்கு மேலே ஒரு தோல் துண்டை வைத்துத் தைக்கும் வேலையைப் பார்த்தால் போதும். ஓரத்திலிருந்து 1.5 மி.மீ. தள்ளி முதல் வரிசை போக வேண்டும்; அதற்கு இணையாக இரண்டாவது. வளைவு நெருங்க நெருங்க மிதியின் வேகம் குறையும். இடக்கை தோலைத் திருப்பும், ஆனால் இழுக்காது. இழுத்தால் தோல் நீண்டு, பிறகு சுருக்கம் விழும். வளைவின் முனையில் கடைசி ஒன்றிரண்டு தையலுக்கு எந்திரத்தின் கைச்சக்கரத்தைச் சுற்றுவார்கள். முடிந்ததும், மேல் நூலைப் பின்பக்கம் இழுத்து முடிச்சிட்டு, முனையைச் சூட்டில் உருக்கிவிடுவார்கள். கோடு அரை மில்லிமீட்டர் விலகினாலும் அந்தத் துண்டு கழிவு. பாரிஸில் கிடுக்கி முன்னால் உட்கார்ந்திருப்பவரைக் கைவினைஞர் என்கிறார்கள். ஆம்பூரில் போஸ்ட் மெஷினில் இருப்பவரை ஆபரேட்டர் என்கிறோம். இருவரின் கண்ணுக்கும் கைக்கும் உள்ள பொறுப்பு ஒன்றுதான். சம்பளத்திலும் மரியாதையிலும் இவ்வளவு தூரம் இருப்பதற்கு எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

தைப்பதற்கு முன்னால் நடக்கும் வேலைகளை வாங்குகிறவர்கள் பார்ப்பதே இல்லை. முழுத் தோலில் முதுகுப் பக்கம் நார் இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பக்கம் தளர்ந்திருக்கும். வெட்டுபவர் தோலைக் கையால் இழுத்துப் பார்த்து, எந்தத் திசையில் நீள்கிறது என்று தெரிந்துகொண்டுதான் கத்தியை வைப்பார். ஷூவின் முன்பகுதிக்கு முதுகு. உள்ளே மறையும் நாக்குக்கு மற்றது. அடுத்தது ஸ்கைவிங், ஓரம் சீவுதல். மடித்துத் தைக்கப்போகும் ஓரத்தைப் பாதித் தடிமனுக்கோ அதற்கும் குறைவாகவோ சீவ வேண்டும். கம்பெனியில் மணி வடிவக் கத்தி சுழலும் எந்திரம். சிறு பட்டறையில் வழவழப்பான கல்லும் உளியும். அதிகம் சீவினால் மடிப்பு வெடிக்கும். குறைத்துச் சீவினால் தையல் ஓரம் மேடாகிக் கணுக்காலை உரசும். ஷூ கடிக்கிறது என்று அளவை மாற்றிக்கொண்டே இருக்கிறவர்கள், உள்பக்கம் விரலை விட்டு அந்த மடிப்பைத் தடவிப் பார்க்கலாம்.

எந்தத் தோல் என்பதும் வேலையை மாற்றிவிடும். ஆவாரம்பட்டை, வேலம்பட்டை, கடுக்காய் என்று தாவரச் சத்தில் பதனிட்ட தோலின் வெட்டு ஓரத்தை நனைத்துத் தேய்த்தால் கண்ணாடிபோல் மின்னும். ஈரத்தில் அழுத்தினால் சித்திரம் பதியும். திருச்சியும் திண்டுக்கல்லும் இதில் பேர்பெற்றவை. ஈஸ்ட் இந்தியா லெதர் என்ற பெயரில் லண்டன் சந்தை வரை போன அந்தத் தோலுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. குரோம் உப்பில் பதனிட்ட தோலின் ஓரம் எவ்வளவு தேய்த்தாலும் மின்னாது. மடிக்க வேண்டும், இல்லையென்றால் சாயம் பூச வேண்டும். ஆனால் அது மென்மையானது, கொதிநீரையும் தாங்கும். பொறியாளர் ஆல்பிரட் சாட்டர்டன் 1903-ல் சென்னை ஓவியப் பள்ளியில் குரோம் பதனிடும் சோதனைகளைத் தொடங்கியபோது, அந்தத் தோலுக்குக் கிடைத்த முக்கியமான பயன்களில் ஒன்று கிணற்று நீர் இறைக்கும் கமலைச் சால். நீரிலேயே கிடந்தாலும் நெடுநாள் உழைத்தது. அதே குரோம் பின்னாளில் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்து, 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புவரை போனது தனியே எழுத வேண்டிய கதை. இன்னொன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். அந்தச் சாலில் இறைத்த தண்ணீரைப் பயிருக்குப் பாய்ச்சிய ஊர்கள், சாலைத் தைத்தவரை ஊருக்கு வெளியே நிறுத்தின. இந்தக் கைவேலை பற்றித் தமிழில் விரிவான நூல்கள் அரிதாக இருப்பதற்கு அந்தத் தீண்டாமையே முதல் காரணம் என்று கருதுகிறேன்.

தெருமுனையில் செருப்பு தைப்பவர்களில் சிலரிடம் கைப்பிடியால் சுற்றும் ஒரு கறுப்பு எந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் சிங்கர் செய்த 29கே வகையும், அதன் வழியில் வந்த நகல்களும்தான் அவை. நீண்ட ஒல்லியான கை. ஷூவுக்குள் விரல் முனை வரை நுழையும். தோலை நகர்த்துவது கீழே இருக்கும் பல் அல்ல, மேலே இருக்கும் கால். அந்தக் காலை எந்தத் திசைக்கும் முழு வட்டமாகத் திருப்பலாம் என்பதால், ஷூவை அசைக்காமலே தையலை வளைக்கலாம். பாபின் மிகச் சிறியது, அடிக்கடி நூல் சுற்ற வேண்டும். பை வாரின் தையல் அறுந்து வந்தால் விவரமானவர் எந்திரத்தைத் தொடமாட்டார். அறுந்த நூலை நீக்கிவிட்டுப் பழைய துளைகள் வழியாகவே கையால் தைத்துக் கொடுப்பார். அவரிடம் கூலியைக் குறைத்துக் கேட்காதீர்கள். ஷூவின் மேல்தோல் பிரிந்திருந்தால் எந்திரம் உள்ளவரைத் தேடிப் போவது நல்லது. தடித்த அடித்தோல் பிரிந்திருந்தால் அந்தச் சிறிய எந்திரத்தின் ஊசி ஏறாது. முனையில் கொக்கி வெட்டிய குத்தூசியை அடிவரை இறக்கி, கீழிருந்து நூலைக் கொக்கியில் மாட்டி மேலே இழுத்து, அந்த வளையத்துக்குள் இன்னொரு நூலை விட்டு இறுக்குவார்கள். தலைமுறைகளாக அடித்தோலுக்கு அதுதான் தையல்.